உங்களுக்குத் தெரியுமா? படகுக்குப் பூசிய வண்ணம் சிப்பிகளைச் சிதைத்தது!

பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடா சிப்பி வளர்ப்புக்குப் பேர்போனது. 1970களின் பிற்பகுதியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்தவற்றின் ஓடுகளோ தாறுமாறாகத் தடித்தன. காரணம், உல்லாசப் படகுகளின் அடிப்பாகத்தில் பூசியிருந்த வண்ணம். பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருக்க அதில் டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தைக் கலந்திருந்தார்கள். அது மெல்ல மெல்லக் கடலில் கசிந்தது.

எவ்வளவு கொடிய நஞ்சு தெரியுமா? ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், ஒருவகைக் கடல் நத்தையில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்துவிடும். முற்றினால் முட்டையிடும் வழியே அடைபட்டுப்போகும். பாவம், அந்த உயிர் செய்த தவறு என்ன?

1982இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இந்த வண்ணத்துக்கு பிரான்ஸ் தடை விதித்தது. உலகளாவிய தடைக்கோ 2008 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை தாமதம் நியாயமே இல்லை.

இன்றைய வண்ணங்கள் பலவற்றில் இருப்பது தாமிரம். படகைக் கரையேற்றாமல் தண்ணீருக்குள்ளேயே சுரண்டினால் தாமிரத் துகள்கள் துறைமுகத்தின் அடியில் படியும். ஒட்டிவந்த அயல்நாட்டு உயிரினங்களும் அங்கேயே குடியேறக்கூடும். இப்படி அயல் உயிரினங்கள் புகுவதைத் தடுக்கவே 2018 மே முதல், வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல், படகுகளின் அடிப்பாகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நியூசிலாந்து கட்டாயமாக்கியிருக்கிறது.