பெங்களூருக்குக் குடிபோகும் குடும்பங்களின் கவனத்திற்கு



நம் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் ஒரு காலத்தில் கொழும்புக்கும், பிறகு வளைகுடாவுக்கும் போனார்கள். இப்போது படித்து முடித்தவர்களில் பலர் பெங்களூருக்குப் போகிறார்கள். வேலை நிலைத்ததும், "வாப்பா, உம்மா, நீங்களும் வந்துவிடுங்கள். இங்கே வெயில் தொல்லை கிடையாது" என்று பெற்றோரையும் அழைத்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தான். அப்படிப் போகிறவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்து வாடகை, முன்பணம், பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் விசாரிக்கிறார்கள். தட்பவெப்பம் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. குளுமையான ஊர்தானே, அதில் கேட்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது.

வித்தியாசம் எதில் இருக்கிறது?

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6 டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும். அந்த ஊரின் குளுமைக்கு முதல் காரணம் இதுவே.

ஆனால் பகல் வெயிலே இல்லாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். ஏப்ரல் மாதப் பகலில் அங்கும் 34 டிகிரி சாதாரணம். 2016 ஏப்ரலில் 39 டிகிரியைத் தாண்டியது. பெரிய வித்தியாசம் இரவில்தான் தெரியும். நமக்குக் கடல் பக்கத்தில் இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் ஐந்தாறு டிகிரிதான் இடைவெளி. இரவிலும் புழுக்கம் விடாது. அங்கே கோடையின் தொடக்கத்தில் அந்த இடைவெளி 12 டிகிரிக்கு மேல் போகும். மதியம் வியர்க்கும், இரவு போர்வை கேட்கும். ஜனவரி அதிகாலையில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். நம்மூரில் உறைந்து பார்த்திராத தேங்காய் எண்ணெய் அங்கே புட்டியிலேயே கட்டியாகி நிற்கும்.

மழைக்காலமும் வேறு. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அங்கே மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை விட்டு விட்டுப் பெய்யும். செப்டம்பரில் அதிகம். அந்த மாதங்களில் துணி காயாது, சுவரில் ஈரம் ஏறும்.

சாத்திய கதவு

வெயில் ஊரில் நாம் கதவையும் சன்னலையும் திறந்து வைத்து வாழ்ந்து பழகியவர்கள். குளிர் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அவற்றைச் சாத்துகிறோம். சிரமங்களில் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

சாத்திய வீட்டில் ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்களுக்கு அது ஆகாது. போகும் முன்பே மருத்துவரைப் பார்த்து, மருந்துச்சீட்டையும் இன்ஹேலரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீடு பார்க்கும்போது வாடகையோடு இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு வேளையாவது வெயில் உள்ளே விழுகிறதா? வெயில் ஏறியதும் தினமும் இரண்டு மணி நேரம் சன்னலைத் திறந்து வையுங்கள்.

கேஸ் கீசர்

சென்ற டிசம்பரில் பெங்களூரில் என் தம்பி வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். ஃபஜ்ருக்கு உளூ செய்யப் போனால் குளியலறைச் சன்னல் வழியாகக் குளிர்காற்று அடித்தது. ஓர் அட்டையை வைத்து அதை அடைத்தேன். அடைத்தது நான்தான்.

மறுநாள் காலை தம்பி மகன் குளிக்கப் போனான். உள்ளே சுவரில் கேஸ் கீசர் மாட்டியிருந்தது. வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. கதவை உடைத்துப் பார்த்தால் தரையில் கிடந்தான். மருத்துவமனையில் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். மாலையில் தெளிந்தான், அல்ஹம்துலில்லாஹ். பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை.

நடந்தது இதுதான். எரிவாயு எரியப் போதிய காற்று வேண்டும். அடைத்த சிறிய அறையில் காற்று குறையும்போது அது சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று தொடங்கி நினைவு தப்பும். உயிரும் போகலாம். இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் குளிர்காலங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே:

1. கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.
2. மாற்றும் வரை, கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, சற்று நேரம் காற்றாட விட்டபிறகே குளியுங்கள்.
3. குளியலறைச் சன்னலை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.
4. குளிருக்காகக் கரி அடுப்பையோ தணல் சட்டியையோ சாத்திய அறையில் வைத்துத் தூங்காதீர்கள். அதிலும் இதே வாயுதான்.
5. யாராவது மயங்கினால் முதலில் கதவு சன்னலைத் திறந்து, கேஸை அணைத்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள்.

உடலும் பழக வேண்டும்

குளுமையில் தாகம் குறைவாகத் தெரியும். தாகம் இல்லையென்று தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்க் கடுப்பும் கல்லும் வரக்கூடும். முதியவர்களுக்கு வேளை வைத்துத் தண்ணீர் கொடுங்கள். குளிரில் இரத்த அழுத்தம் சற்று ஏறும் என்பதால், போன முதல் மாதத்திலேயே ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. பெரியவர்களை முதன்முதலாக டிசம்பர், ஜனவரியில் அழைத்துப் போகாமல் மார்ச் மாதம் அழைத்துப் போனால் உடல் படிப்படியாகப் பழகும்.

திரும்பி வருவதிலும் கவனம் தேவை. வெயிலைத் தாங்கும் பழக்கம் சில வாரங்களிலேயே உடலை விட்டுப் போய்விடும். "பிறந்து வளர்ந்த ஊர்தானே" என்று மே மாத விடுமுறையில் வந்து இறங்கிய அன்றே மதிய வெயிலில் அலையக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் நிதானம் வேண்டும்.

சில்லறை விஷயங்கள்

இட்லி மாவு இங்கே இரவில் அரைத்தால் காலையில் பொங்கிவிடும். அங்கே குளிர்காலத்தில் மதியம் வரை ஆகலாம். தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிப்பதால், திறந்த பாத்திரத்தில் பருப்பும் இறைச்சியும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். நம்மூர்த் தொழுகை நேர அட்டவணையை அங்கே பின்பற்றாதீர்கள். ஜூன் மாதத்தில் மஃரிப் நமக்கு ஆகிச் சுமார் 10 நிமிடம் கழித்தே அங்கே ஆகும். வித்தியாசம் மாதத்துக்கு மாதம் மாறும். அந்தந்தப் பள்ளிவாசலின் அட்டவணையே சரியானது.

கடைசியாக ஒன்று. இங்கே திண்ணையில் உட்கார்ந்தால் பேச நாலு பேர் வருவார்கள். அங்கே பிள்ளைகள் வேலைக்குப் போனபின் சாத்திய கதவுக்குள் பெரியவர்கள் இருவர் மட்டும். வீடு பார்க்கும்போது பள்ளிவாசலும் பூங்காவும் அவர்கள் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

பெங்களூரில் குடியிருக்கும் நம்மூரார், புதிதாக வருகிறவர்களின் வீட்டுக்கு ஒருமுறை போய்க் கீசர் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.

— செயலாளர்