ஸ்டைன்பெக்கின் நாவலும் தோட்டத் தமிழரின் இடப்பெயர்வும்: ஒரு வாசிப்பு

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ என்னும் நாவல், மலேசியத் தோட்டத் தமிழரின் வரலாற்றை அறிந்த வாசகருக்கு எவ்வாறு புலப்படுகின்றது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

ஓக்லஹோமாவின் குத்தகை விவசாயிகளான ஜோட் குடும்பத்தினர், 1930களின் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நலிவுறுகின்றனர். நில உரிமையாளர்களும் வங்கிகளும் டிராக்டரைக் கொண்டு உழத் தொடங்கவே, அவர்கள் வெளியேற்றப்படுகின்றனர். கலிஃபோர்னியாவில் வேலை மிகுதி என்று கூறும் துண்டறிக்கையை நம்பிப் பயணம் மேற்கொள்கின்றனர். தேவைக்கு மேற்பட்டோரை வரவழைத்துக் கூலியைக் குறைப்பதே அதன் உள்நோக்கம் என்பது பின்னரே தெளிவாகின்றது. இப்பகுதியைப் படிக்கும்போது, தமிழகக் கிராமங்களில் கங்காணிகள் அளித்த வாக்குறுதிகள் நினைவுக்கு வருகின்றன. மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதற்கு மறு ஆண்டில் இந்நாவல் வெளிவந்தது.

எனினும், இரு வரலாறுகளுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு உண்டு. தலைமுறையாக உழுத நிலம் தமதே என ஜோட் குடும்பத்தினரால் வாதிட முடிந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ அவ்வாறு சொல்லிக்கொள்ள நிலமில்லை. குடியிருந்த லயத்து வீடும் வேலையோடு பிணைந்திருந்தது. வேலை போனபோது வீடும் போயிற்று. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்தார். தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் நோக்குடன், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ‘நான்’ என்னும் நிலையிலிருந்து ‘நாம்’ என்னும் நிலைக்கு மனிதர் நகர்வதை ஸ்டைன்பெக் நாவலின் மையமாக்கினார். அந்நகர்வு இங்குக் கூட்டுறவு வடிவம் பெற்றது எனலாம்.

நாவலின் அமைப்பும் கருதத்தக்கது. குடும்பத்தின் கதையைக் கூறும் இயல்களுக்கு இடையிடையே வங்கி, டிராக்டர், பழைய வாகன வணிகம், நெடுஞ்சாலை ஆகியவற்றைப் பற்றிய பொது இயல்களை ஆசிரியர் அமைத்துள்ளார். இதனால் வாசகர் குடும்பத்திற்காக இரங்குவதோடு, துன்பம் எவ்வழியாக வந்தது என்பதையும் அறிகின்றார்.

மலாக்கா மாநிலத்துச் செங்கில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும் அமைந்துள்ளன. அங்குள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் மாசிமகத்தன்று மலாக்காத் தமிழர் பெருந்திரளாகக் கூடுகின்றனர். ஊர்விட்டுப் புறப்படும் முன் தன் பழைய கடிதங்களைத் தீயிலிடும் ஜோட் குடும்பத் தாய்க்கு, பின்னாளில் உற்றாரோடு கூடுதற்கு இத்தகைய ஓரிடம் வாய்க்கவில்லை.

கூடும் இடம் நிலைத்திருப்பினும், கலைந்த தோட்டங்களின் கதை முழுமையாக எழுதப்பட வேண்டியுள்ளது. தோட்டத்தை விற்றவர் யார், வாங்கியவர் யார், இழப்பீடு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்னும் வினாக்களையும் மலேசியத் தமிழ் நாவல் தன்னுள் கொள்ளுமாயின், அது இரக்கத்திற்கு அப்பாலும் வாசகரை இட்டுச் செல்லும். அதற்கு ஸ்டைன்பெக்கின் அமைப்புமுறை ஒரு நல்ல வழிகாட்டியாகும்.