எண்ணெய் தடவி எடுத்து வைப்பது

ஃப்ரீசரில் கண்ணாடி பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு மறந்தவர்களுக்கு, படகு மோட்டாரைப் பனிக்காலத்துக்குக் கட்டிவைக்கும் வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். அதற்கு இடம் கொடுக்காத எதுவும் விரிசல் விடும், அலுமினிய வார்ப்பாக இருந்தாலும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வண்டிகளின் நம்பர் பலகையிலேயே ‘10,000 ஏரிகள்’ என்று எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் 11,842. அங்கே டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று குளிர் மைனஸ் 51 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அக்டோபர் வந்தால் படகுகள் கரையேறும். பின்பக்கம் மாட்டிய அவுட்போர்டு மோட்டார் ஐந்தாறு மாதம் தூங்கப் போகும். கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் வீட்டில் அடுப்படியை எப்படி ஒதுக்கி வைப்பார்கள்? அதேதான் இதுவும். எதைக் காலி செய்வது, எதை நிரப்பி வைப்பது, எதில் எண்ணெய் தடவுவது என்று பிரித்தறிந்தால் போதும்.

முதலில் பெட்ரோல். அதிக ஆபத்து இதில்தான் என்பது என் கட்சி. எண்ணெய்த் தூக்கின் கழுத்தில் மஞ்சளாக ஒரு பிசுக்கு பிடிக்குமே, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாமல்? எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகியது அது. நாள்பட்ட பெட்ரோலும் அப்படித்தான் கோந்தாகும். அந்தக் காலத்துப் பம்ப் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் வரும் துளை அடைத்துக்கொண்டால் பின் போட்டுக் குத்துவோம். கார்புரேட்டருக்குள் இருப்பதும் அதே மாதிரி மயிரிழைத் துளைதான். வசந்தத்தில் மோட்டார் இருமி இருமி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இன்னொரு சங்கடம், அங்கே பெட்ரோலில் கலக்கும் 10 சதவீத எத்தனால். மழைக்கால உப்பு ஜாடி போல அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து, டேங்கின் அடியில் போய் உட்காரும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அந்த அடியில்தான்.

இதற்கு ஸ்டெபிலைசர் என்ற மருந்தைப் புதுப் பெட்ரோலில் கலக்கிறார்கள். ஊறுகாயின் மேல் நிற்கும் எண்ணெய் செய்யும் காவல் வேலை இது. பூஞ்சை பிடித்த பிறகு ஊற்றிப் பயனில்லை. டேங்கை ஏறக்குறைய நிறைத்து வைத்தால் உள்ளே காற்றுக்கும் அதன் ஈரத்துக்கும் இடம் குறையும். கலந்ததோடு விட்டுவிடாமல், பத்து நிமிடமாவது மோட்டாரை ஓட்டி மருந்துப் பெட்ரோலை உள்துளைகள் வரை கொண்டுபோக வேண்டும். கார்புரேட்டர் வைத்த பழைய மோட்டாரில், கடைசியில் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு அது தானாக நிற்கும்வரை ஓட்டி வற்றவைப்பவர்கள் உண்டு. இன்ஜெக்ஷன் மோட்டாரில் அதைச் செய்யக் கூடாது. அதன் பம்புக்கு வழுவழுப்புத் தருவதே பெட்ரோல்தான்.

தரையில் ஓட்டும்போது தண்ணீர்? கீழ்த்தண்டின் இரு பக்கமும் காதுமூடி போல இரண்டு ரப்பர் கிண்ணங்களைக் கவ்வவிட்டு, தோட்டக் குழாயை மாட்டுவார்கள். அதைத் திறக்காமல் மோட்டாரைத் தொடாதீர்கள். உள்ளே தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரத்துக்கு அந்தத் தண்ணீரே எண்ணெய். வெறும் கிரைண்டரை ஓடவிட்டது போல, சில நொடிகளில் தேய்ந்து கருகும். பின்பக்கம் சன்னமாகத் தண்ணீர் பீச்சினால் நலம் என்று அர்த்தம்.

இனி தோசைக்கல். கழுவித் துடைத்து எண்ணெய் தடவாமல் வைத்த இரும்புக் கல் இரண்டே நாளில் செம்மண் நிறமாகும். சிலிண்டரின் உட்சுவரும் இரும்பு என்றால் அதே கதை. ஃபாகிங் ஆயில் என்ற பிசுபிசுப்பான எண்ணெயை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய துளை வழியே பீச்சி, மோட்டாரைக் கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் சுவர் முழுக்கப் பூசிக்கொள்ளும். நான்கு ஸ்ட்ரோக் என்றால் என்ஜின் ஆயிலையும் இப்போதே, சூடாக இருக்கும்போதே மாற்றுவது நல்லது. அழுக்கெண்ணெயின் அமிலத்தில் பேரிங்குகளை ஆறு மாதம் ஊறப்போடுவானேன்?

படகைத் தள்ளும் விசிறிக்கு முன்னே உள்ள கியர் பெட்டியில் கீழே ஒரு திருகு, மேலே ஒரு திருகு. இரண்டையும் திறந்து பழைய ஆயிலை வடியுங்கள். அது மோர் போல வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. உறைந்து பெட்டியைப் பிளக்கப்போவது அந்தத் தண்ணீர்தான். விசிறியைக் கழற்றிப் பாருங்கள். தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பு பெரும்பாலும் ஆயில் சீலை அறுத்திருக்கும். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால், குறுகிய வாய்ப் பாட்டிலில் எண்ணெய் ஊற்றும்போது மடக் மடக்கென்று காற்று மறிக்குமே, அப்படி மறிக்கும். முடிந்ததும் முதலில் மேல்திருகு, பிறகு கீழ்த்திருகு.

பிறகு மோட்டாரை நேராக, செங்குத்தாக நிறுத்துங்கள். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது போல, மிச்சத் தண்ணீர் தானாக வடிந்துவிடும். சாய்த்து வைத்தால் விசிறியின் நடுக்குழி மழையையும் பனியையும் ஏந்திக்கொள்ளும். பேட்டரியை முழுதாக ஏற்றிக் கழற்றி வையுங்கள். ஏற்றிய பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும். தீர்ந்துபோன பேட்டரியில் அமிலம் நீர்த்திருப்பதால் சாதாரணக் குளிரிலேயே உறைந்து வெடிப்பு விடும்.

ஏப்ரலில், வடகோடி ஏரிகளில் மே மாதம்கூட ஆகலாம், பனி உடைந்ததும் மோட்டார் முதல் தடவை கிளம்பும்போது வெண்ணீலப் புகை கக்கும். பதற வேண்டாம். தடவி வைத்த எண்ணெய் எரிகிறது. எடுத்து வைத்திருந்த கல்லில் முதல் தோசையை யார் தட்டிலும் போடமாட்டோம், அடுத்ததிலிருந்து சரியாக வரும்.