கடற்கரைத் தூண்டில்: கோல், ரீல், நரம்பு வாங்கும் முன்...

கடலூர், மரக்காணம், தரங்கம்பாடி போன்ற கடலோரப் பகுதிகளில் சவுக்கும் மணிலாவும் பயிரிடும் சிறு விவசாயிகள் சிலர், வயலில் வேலை இல்லாத நாட்களில் கரையில் நின்று தூண்டில் வீசுவது உண்டு. இதற்குப் படகும் வேண்டாம், வலையும் வேண்டாம். வீட்டுக் குழம்புக்கு நாலு கிழங்கானோ, ஒரு காலாவோ கிடைத்தால் போதும். முன்பெல்லாம் தங்கூசி எனப்படும் நைலான் நரம்பைக் கையில் சுற்றி வைத்துக்கொண்டு வீசினார்கள். இப்போது கோலும் ரீலும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் பளபளப்பைப் பார்த்துக் கோலை ஒரு நாளும், மலிவாகக் கிடைக்கிறதே என்று ரீலை இன்னொரு நாளும் வாங்கி, ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் பணத்தைப் பாழாக்குபவர்கள் உண்டு. ஏரில் பூட்டும் மாடுகளைப் போல் இவையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்.

மீன் எங்கே இருக்கிறது?

கடலில் வெகுதூரம் எறிந்தால்தான் மீன் விழும் என்று நினைப்பது தவறு. நீர் வற்றும் நேரத்தில் கரையில் நின்று பார்த்தால், சற்றுத் தள்ளி ஒரு மணல்திட்டின் மேல் அலை வெண்ணுரையாக உடைவது தெரியும். அந்தத் திட்டுக்கும் கரைக்கும் நடுவே, அலை உடையாமல் நீர் கருத்துக் கிடக்கும் இடம்தான் பள்ளம். அலை கிளறிவிடும் புழுவும் சிறு நண்டும் அங்கே சேர்கின்றன. அவற்றைத் தேடி மீனும் வருகிறது. பெரும்பாலான நாட்களில் 30 முதல் 50 மீட்டர் தூரம் வீசினால் போதும். நூறு மீட்டருக்கு மேல் வீசும் விலை உயர்ந்த சாமான்கள் சிறு விவசாயிக்குத் தேவையில்லை.

ஈயத்தில் தொடங்க வேண்டும்

முதலில் முடிவு செய்ய வேண்டியது ஈயக்குண்டின் எடை. அலையும் நீரோட்டமும் இழுத்தாலும் ஈயம் மணலில் பதிந்து நிற்க வேண்டும். கடல் அமைதியாக உள்ள நாளில் 60 கிராம் போதும். மற்ற நாட்களில் 80 முதல் 100 கிராம் வரை வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கலங்கி நீரோட்டம் கடுமையாகும்போது 120 கிராம் ஈயமும் உருண்டோடும். அன்றைக்குக் கரைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

கோலின் கைப்பிடிக்கு மேலே அது தாங்கும் எடை அச்சிடப்பட்டிருக்கும். '60-120 கிராம்' என்று இருந்தால் 80, 90 கிராம் ஈயத்துக்கு அது பொருத்தமானது. நீளம் 10 முதல் 12 அடி வரை இருக்கலாம். அலைக்கு மேலாக நரம்பைத் தூக்கிப் பிடிக்க இந்த நீளம் தேவை. அதற்கு மேல் நீளமானால் தோள்தான் வலிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கண்ணாடி இழைக் கோல் ஏற்றது. கொஞ்சம் கனம் என்றாலும், சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாலும் தாங்கும். கார்பன் கோல் இலேசானது. ஆனால் கல்லில் இடிபட்டால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டு, பிறகு வீசும்போது ஒடியும். தவிரவும் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் தாழ்ந்து தொங்கும் வரப்பில், நீட்டிய கோலைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பது உயிருக்கே ஆபத்து. கோலைக் கழற்றி எடுத்துச் செல்ல வேண்டும். இடி மின்னல் நேரத்தில் எந்தக் கோலையும் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கக் கூடாது.

கடையில் கோலை வாங்கும்போது ஒரு துணுக்குப் பஞ்சை ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் தேய்த்துப் பார்க்கலாம். பஞ்சு இழை மாட்டினால் வளையத்தில் கீறல் இருக்கிறது என்று பொருள். அந்தக் கீறல் புது நரம்பையும் அறுத்துவிடும்.

ரீல்

உருளை சுழலும் வகை ரீலில் பழக்கம் இல்லாதவர் வீசினால் நரம்பு சிக்கிக்கொள்ளும். சிக்கெடுப்பதிலேயே பொழுது போய்விடும். உருளை நிலையாக நிற்கும் வகையே எளிது. 0.35 மி.மீ. நரம்பு 200 மீட்டர் கொள்ளும் ரீலாகப் பார்த்து வாங்கலாம். உருளையின் விளிம்புக்கு 2 மி.மீ. குறைவாக நரம்பைச் சுற்ற வேண்டும். குறைத்துச் சுற்றினால் தூரம் போகாது. விளிம்பு வரை நிரப்பினால் கொத்தாக வழிந்து சிக்கும். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் திருகை, நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கு வைக்க வேண்டும். 8 கிலோ தாங்கும் நரம்பானால், வில் தராசில் மாட்டி இழுக்கும்போது 2 கிலோவில் ரீல் நரம்பை விட வேண்டும்.

நரம்பில் சிக்கனம் கூடாது

கோலில் மிச்சம் பிடித்தாவது நரம்பை நல்லதாக வாங்க வேண்டும். வேகமாக வீசும்போது ஈயத்தின் முழு இழுவையும் நரம்பின் முதல் சில அடிகளில்தான் விழுகிறது. அங்கே அறுந்தால் 100 கிராம் ஈயம் கவண் கல்லைப் போல் பறக்கும். கரையில் விளையாடும் குழந்தையின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, மெல்லிய நரம்பின் முனையில் தடித்த நரம்பு ஒன்றை முடிந்துகொள்வது அவசியம். ஈயத்தின் ஒவ்வொரு 10 கிராமுக்கும் 1.6 கிலோ தாங்கும் வலு என்பது கணக்கு. 100 கிராம் ஈயத்துக்கு 16 கிலோ தாங்கும் நரம்பு. அதன் நீளம் கோலைப் போல் இரண்டு மடங்கும், உருளையில் நாலைந்து சுற்றும் இருக்க வேண்டும். 11 அடிக் கோலுக்குச் சுமார் 25 அடி. முடிச்சை எச்சிலால் நனைத்த பிறகே இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். பின்னிய இழை நரம்பு மெல்லியது, வலுவானது. ஆனால் விலை அதிகம், மணலில் உரசித் தேயும், விரலையும் அறுக்கும். கை பழகும் வரை நைலானே போதும்.

நைலானுக்கு வெயில் பகை. ரீலை வீட்டுக் கூரையின் மேல் காயப் போடக் கூடாது. கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். பம்புசெட்டுத் தண்ணீரின் வேகத்தில் பிடித்தால் உப்பும் மணலும் ரீலுக்கு உள்ளே போய்விடும். நகத்தில் உரசினால் சொரசொரப்பாகத் தெரியும் நரம்பை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டியதைக் கரையிலேயே போட்டுவிட்டு வருவது கூடாது. தை, மாசியில் முட்டையிட ஏறும் கடலாமையின் துடுப்பில் அது சுற்றிக்கொள்ளும்; அங்கே மேயும் மாட்டின் காலிலும் சுற்றும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் சேர்க்கலாம்.