நெருங்கிய நகரில் சிறு வீடு

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்க்கு முற்றம் இன்னதென விளக்க வேண்டுவதில்லை. நாற்புறமும் தாழ்வாரமும் அறைகளும் சூழ, நடுவே வானம் நோக்கித் திறந்து கிடக்கும் அவ்வெளியிலேயே நெல் காய்ந்தது, பிள்ளைகள் விளையாடினர், வீட்டிற்கு வேண்டிய காற்றும் ஒளியும் அவ்வழியே வந்தன. ஆனால், அவ்வீடு பல பரப்புக் காணியில் நின்ற வீடு. இன்று கொழும்பிலே வீடு கட்டப் புகுவார் பலர்க்கு வாய்ப்பது 6 பேர்ச் நிலமே. பத்துப் பேர்ச் ஒரு பரப்பாகும் என்பதை நினைவு கூரின், இது பரப்பிற் பாதிக்குச் சற்றே மேற்பட்டதாதல் விளங்கும். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986ஆம் ஆண்டு விதிகளும் மனையொன்றின் மிகக் குறைந்த அளவாக 150 சதுர மீற்றரையும் 6 மீற்றர் அகலத்தையுமே குறித்தன. இத்துணைச் சிறு நிலத்தில் முற்றத்துக்கு இடமேது என்று வினவுவர். முற்றம் இன்றேல் இத்துணைச் சிறு நிலத்தில் நல்ல வீடு அமைவது அரிது என்பதே எமது கருத்து.

இதனைக் கணக்கிட்டே காணலாம். 6 மீற்றர் அகலமும் 25 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு மனையில், பின்புறம் 3 மீற்றர் வெளி விட்டால் எஞ்சும் நீளம் 22 மீற்றர். வழக்கமாக நம்மவர் செய்வது யாது? இரு பக்கமும் ஒவ்வொரு மீற்றர் இடைவெளி விட்டு, நடுவே பெட்டி போன்ற வீட்டை எழுப்புவர். அவ்விரு கீற்றுகளும் சேர்ந்து 44 சதுர மீற்றரை விழுங்கிவிடும். அவற்றால் விளையும் பயனோ, அயலார் சுவரை நோக்கிய யன்னல்களும், பாசி படிந்த ஓர் ஒடுங்கிய வழியுமேயாம். நண்பகலிலும் மின்விளக்கு எரியும் இத்தகைய வீடொன்றில் யாம் சில மாதம் வாழ்ந்ததுண்டு. அயல்வீட்டுக் குழம்பின் மணம் வந்தது, காற்று வரவில்லை.

அவ்விரு கீற்றுகளையும் விடாது எல்லை வரை சுவரெழுப்பி, அவ்வெளியில் ஒரு பகுதியை நடுவே கொணர்ந்தால் நிலைமை வேறாகும். சாதாரண யன்னலொன்றின் வழியே வரும் பகலொளி, யன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரமே அறைக்குள் பயன் தரும். விளிம்பு 2.1 மீற்றர் உயரத்தில் இருப்பின் இது ஏறக்குறைய 5 மீற்றர். ஆகவே தெருப்புறத்திலிருந்து 5 மீற்றரும் பின்புறத்திலிருந்து 5 மீற்றரும் ஒளி பெறும். நடுவேயுள்ள 12 மீற்றர் இருளில் கிடக்கும். அந்த 12 மீற்றரின் நடுவே 4 மீற்றர் நீளமான முற்றம் அமையின், அதன் இரு மருங்கும் எஞ்சுவன நந்நான்கு மீற்றர் ஆழமான அறைகளே. இருண்ட இடம் வீட்டில் இல்லையாகும். ஓரமாக ஒன்றரை மீற்றர் அகலத்தில் கூரையிட்ட நடைவழி ஒன்று வைத்தாலும் முற்றம் 18 சதுர மீற்றருக்கு மேற்படாது. நாற்பத்துநான்கு எங்கே, பதினெட்டு எங்கே!

காற்றின் வகையிலும் இதுவே உண்மை. பாலைநிலத்து நகரங்களிலே பகல் வெம்மையும் இரவுக் குளிரும் பெரிதும் வேறுபடுதலால், தடித்த சுவர்கள் இரவின் தண்மையைச் சேமித்துப் பகலில் உதவும். கொழும்பிலோ அவ்வேறுபாடு சிறிது, ஈரப்பதமோ மிகுதி. இங்கு உடலுக்கு ஆறுதல் தருவது வியர்வையை உலர்த்தும் காற்றோட்டமே. ஓர் அறைக்கு ஒரே யன்னல் இருப்பின் காற்று புகும் வழியும் போகும் வழியும் ஒன்றாகித் தேங்கும். ஒருபுறம் தெருவும் மறுபுறம் முற்றமும் வாய்த்த அறையில் அது ஊடறுத்துச் செல்லும்.

முற்றம் வெயிலைக் கொணருமே என்ற ஐயம் எழலாம். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையளவில் உள்ளது. ஏப்பிரில் தொடக்கத்திலும் செத்தெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். அந்நாட்களிலும் நண்பகலை அடுத்த சிறு பொழுதே முற்றத் தரையில் முழு வெயில் படியும். காலை மாலைகளில் மாடிச் சுவர்களின் நிழலே அதனை மூடும். மெய்யான பகை கூரையிலே உள்ளது. வெறும் தட்டையான கொங்கிறீற்றுக் கூரை பகல் முழுதும் உண்ட வெப்பத்தை இரவில் உறங்குவோர்மேல் உமிழும். அதன்மேல் காற்றுச் செல்ல இடைவெளி விட்டு ஓட்டுக் கூரை ஒன்று வேய்வது, குளிரூட்டும் பொறி வாங்குவதினும் நற்செலவாகும்.

இவை ஏட்டுக் கணக்குகள் மாத்திரமல்ல. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1958இல் கொழும்பு 33ஆம் ஒழுங்கையிலிருந்த நான்கு சிறு வரிசை வீடுகளுள் ஒன்றை வாடகைக்குப் பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் ஏனையவும் அவர் வசமாயின. அவற்றை இணைத்தபோது அவர், கூரையை ஆங்காங்கே நீக்கிச் சிறு முற்றங்களையும் ஒளிக்கிணறுகளையும் திறந்தார். உள்ளே நடப்பவர்க்கு நெருக்கமான ஒழுங்கையில் நிற்கும் நினைவே எழாது. 1960க்கும் 1962க்கும் இடையே அவர் ஏனா டி சில்வா என்னும் பத்திக் கலைஞருக்கு அமைத்த வீடும், தெருவுக்கு முதுகு காட்டி முற்றத்தை நோக்கிய வீடே. நிலத்தின் விலை ஏறியபின் அதனைக் கழற்றி எடுத்து, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கையில் மீண்டும் பொருத்தினர். அயலாரின்றித் தோட்டம் சூழ்ந்த அவ்விடத்தில் அதன் மதிலுக்கு இப்பொழுது வேலையில்லை!

மழையும் ஒரு வரவே. கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பொழிகிறது. 50 சதுர மீற்றர் கூரையில் விழுவது 1,20,000 லீற்றர். அதில் ஒரு பகுதியேனும் தொட்டியிற் சேரின், கழிப்பறைக்கும் செடிகளுக்கும் குழாய்நீர் வேண்டா. தொட்டியின் வாயை நெருங்கிய வலையால் மூடுதல் கட்டாயம். இன்றேல் டெங்கு நுளம்புக்கு நாமே வீடு கட்டியவராவோம். முற்றத்து வடிகாலிலும் இலை அடைபட விடலாகாது. கள்வருக்கு அஞ்சுவோர் மேலே இரும்புக் கம்பி வலை இடலாம். அதனால் ஒளிக்கோ காற்றுக்கோ பெருங்குறைவில்லை.

இவையெல்லாம் செய்த பின்னரும் முற்றத்துக்கு நேரும் ஆபத்து ஒன்றுண்டு. சில ஆண்டுகள் கழிய, சாரல் அடிக்கிறதென ஒருவர் அதன்மேல் ஒளிபுகும் தகட்டை அறைவார். வெயில் உட்புகும்; சூடேறிய காற்று மேலெழுந்து போக வழியிராது. அடுத்து அங்கே மின்விசிறி வரும். பின்னர் அது ஒரு சாமான் அறையாகும். சாரலைத் தடுக்க வேண்டின் தாழ்வாரத்தை முக்கால் மீற்றர் நீட்டினாற் போதும். யாழ்ப்பாண நகரிலும் சீதனக் காணிகள் துண்டுபட்டுச் சுருங்கி வருதலால், இதனைக் கொழும்பார் கவலையென ஒதுக்குவதற்கில்லை. வீட்டின் வரைபடம் கீறும்பொழுதே முற்றத்தை முதலில் கீறி, அறைகளைப் பின்னர் அதனைச் சுற்றி வைக்குமாறு வரைபவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.