காலில் பிறக்கும் குத்து

மேடை ஏறும் முன் – 9

"எடை தூக்காதே, உடம்பு இறுகிடும், கை மெதுவாகிடும்." குத்துச்சண்டைக் கூடங்களில் மாஸ்டர்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்த எச்சரிக்கை இது. விடிகாலை ஓட்டம், ஸ்கிப்பிங், மூட்டையைக் குத்துவது, தண்டால், ஸ்பாரிங் இவ்வளவும் இருந்தால் போதும், இரும்புக்கு இங்கே வேலையில்லை என்பதுதான் பாடம். அந்தப் பாடம் ரிங்கிலேயே உடைந்த ஓர் இரவு உண்டு.

1985 செப்டம்பர் 21, லாஸ் வேகாஸ். ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸ் அதுவரை மோதிய 48 போட்டிகளிலும் வென்றவர். இன்னும் ஒன்றை வென்றால், தோல்வியே காணாத முன்னாள் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49 என்ற கணக்கைத் தொட்டுவிடுவார். எதிர்மூலையில் மைக்கேல் ஸ்பிங்க்ஸ், லைட் ஹெவிவெயிட் உலக சாம்பியன். அந்தப் பிரிவில் 79 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பட்டத்தோடு மேலே ஏறிவந்து ஹெவிவெயிட் பட்டத்தையும் பறித்தவர் அதுவரை ஒருவரும் இல்லை. 1941இல் பில்லி கான் கிட்டத்தட்டத் தொட்டார். ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸை 12 ரவுண்டுகள் திணறவைத்துவிட்டு 13ஆவதில் விழுந்தார்.

ஸ்பிங்க்ஸ் அன்று எடை காட்டியது ஏறக்குறைய 90 கிலோ. ஹோம்ஸ் 100 கிலோ. ஸ்பிங்க்ஸின் உடம்பைத் தயார் செய்தவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மாக்கி ஷில்ஸ்டோன். குத்துச்சண்டை உலகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். மைல் கணக்கில் மெதுவாக ஓடும் பழைய வழக்கத்தைக் குறைத்து, விட்டுவிட்டு வேகமாக ஓடவைத்தார். எடைப் பயிற்சியைக் கொண்டுவந்தார். சாப்பாட்டை அளந்து கொடுத்தார். 'இது வீரனைக் கெடுக்கும் வேலை' என்று அனுபவசாலிகள் தலையை ஆட்டினார்கள். 15 ரவுண்டுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களும் ஸ்பிங்க்ஸுக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். கை மெதுவாகவில்லை, மூச்சும் தீரவில்லை.

ஐந்து வருடம் கழித்து, கீழ்ப்பிரிவிலிருந்து ஏறிவந்த இவாண்டர் ஹோலிஃபீல்டும் எடைப் பயிற்சி செய்த உடம்போடு வந்து ஹெவிவெயிட் சாம்பியன் பஸ்டர் டக்ளஸை மூன்றாவது ரவுண்டில் வீழ்த்தினார். அதன் பிறகு பழைய எச்சரிக்கையை உரத்துச் சொல்லுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ஆனால் அந்த எச்சரிக்கையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மாஸ்டர்கள் கண்ணால் பார்த்துதான் சொன்னார்கள். மார்பையும் புஜத்தையும் மட்டும் ஊதவைத்துக்கொண்டு வரும் பையன் குத்தும்போது தோள் இறுகியே கிடக்கும். குத்து தள்ளலாக மாறிவிடும். அவர்கள் கண்ட நோய் உண்மை. இரும்பு முழுவதையும் காரணமாக்கியதுதான் பிழை. எந்த இரும்பு, உடம்பின் எந்தப் பகுதிக்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

அதற்கு விடை சோவியத் ஆய்வு ஒன்றில் இருக்கிறது. 1980களில் வெளிவந்த அந்த ஆய்வில் 120 குத்துச்சண்டை வீரர்களின் நேர்க்குத்தை அளந்தார்கள். குத்தின் பலத்தில் கால், இடுப்போடு சேர்ந்த உடல், கை இவை ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி. உயர்நிலை வீரர்களிடம் காலின் பங்கு சுமார் 38 சதவீதம், கையின் பங்கு 24 சதவீதம். கீழ்நிலை வீரர்களிடமோ கை 38 சதவீதம், கால் வெறும் 16 சதவீதம். தேர்ந்தவன் தரையை உதைத்துக் குத்துகிறான். கற்றுக்குட்டி தோளிலிருந்து குத்துகிறான். பலம் கூட்ட வேண்டிய இடம் எது என்று இதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது.

இங்கேதான் கெட்டில்பெல் என்ற, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு வருகிறது. ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல்தான் இதன் மூதாதை. பூட் என்ற பழைய ரஷ்ய அளவு 16 கிலோவைச் சற்றே தாண்டும். இன்றும் 16, 24, 32 என்று எட்டெட்டுக் கிலோவாக அது ஏறுவதற்கு அந்த அளவே காரணம். கைப்பிடிக்குக் கீழே கனம் தொங்குவதால் இதை வீச முடியும். 'ஸ்விங்' பயிற்சியில் குனிவது முதுகிலிருந்து அல்ல, இடுப்பு மூட்டிலிருந்து. குண்டு கால்களுக்கு நடுவே பின்னால் போகும். பிட்டமும் பின்தொடையும் ஒரு வெட்டு வெட்டினால் மார்பளவு மேலே பறக்கும். கை வெறும் கயிறு. கையால் தூக்க நினைத்தாலே பயிற்சி கெட்டுவிடும்.

இதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், 2010இல் தேர்ந்த கலப்புத் தற்காப்புக்கலை வீரர்களின் தசைகளை அளந்தார். அடி புறப்படும்போது தசை ஒருமுறை இறுகுகிறது. உடனே தளர்ந்து வேகத்துக்கு வழிவிடுகிறது. இலக்கைத் தொடும் கணத்தில் மறுபடி இறுகி உடம்பின் கனத்தை அதன் பின்னால் நிறுத்துகிறது. நடுவில் வரும் அந்தத் தளர்ச்சிதான் வேகம். இரண்டு வருடம் கழித்து அவரே 16 கிலோ கெட்டில்பெல் ஸ்விங்கை அளந்தபோது, அங்கேயும் தசைகள் மளமளவென்று இறுகித் தளர்வதைக் கண்டார். உடம்பு இறுகிவிடும் என்று பயந்தவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? சரியாகச் செய்த ஸ்விங், இறுகிய அடுத்த நொடியில் விடவும் பழக்குகிறது.

அதற்காகக் கெட்டில்பெல்லை எல்லா நோய்க்கும் மருந்தாக்கிவிடக் கூடாது. ஸ்விங் முன்னும் பின்னும் போகும் அசைவு. கிராஸ், ஹூக் ஆகிய குத்துகளுக்கு வேண்டிய சுழற்சி அதில் இல்லை. அதற்கு மெடிசின் பாலைப் பக்கவாட்டில் திரும்பிச் சுவரில் அறைவதே சிறந்தது. தோளைச் சுற்றிப் பழக்க நம்மிடம் கர்லாக்கட்டை இருக்கிறது. இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவத்தினர் கண்டு எடுத்துப்போன கலை அது. 1904, 1932 ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸின் ஒரு பகுதியாகவே நடந்தது. முழுப் பலத்தையும் ஏற்ற வேண்டுமென்றால் டெட்லிஃப்டையும் ஸ்குவாட்டையும் தவிர்க்க முடியாது. கனமான எடையை மூன்று முதல் ஐந்து முறை மட்டும் தூக்கி நன்றாக ஓய்வெடுத்துச் செய்தால், உடல் எடை அதிகம் ஏறாமலே பலம் ஏறும். எடைப்பிரிவுக்குள் நிற்க வேண்டிய வீரருக்கு இது பெரிய வரம்.

ஒரு வழக்கத்தை மட்டும் கைவிடச் சொல்வேன்: கையில் டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு நிழல்குத்து போடுவது. புவியீர்ப்பு எடையைக் கீழே இழுக்கிறது; குத்தோ நேராக முன்னே போகிறது. ஆகவே அது தோளைத் தாங்கப் பழக்குமே தவிர, குத்தைக் கூர்மையாக்காது. கனம் கூடினால் குத்தின் பாதையே மாறிவிடும்.

வாரத்தில் இரண்டு நாள் பலப் பயிற்சி போதும். முதல் மாதம் ஆண்கள் 16 கிலோவிலும் பெண்கள் 8 அல்லது 12 கிலோவிலும் ஸ்விங்கைப் பழகட்டும். நிமிடத்துக்கு ஒரு செட், செட்டுக்குப் பத்து வீச்சு, பத்து நிமிடம். முதுகு வளைகிறது என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஸ்பாரிங் இருக்கும் நாளில் அதற்கு முன்னால் குண்டைத் தொடக் கூடாது. பிடி தளர்ந்த கையோடு குத்தினால் மணிக்கட்டு மடங்கும். ஸ்பாரிங்தான் எப்போதும் முதல். ரிங் அனுபவத்துக்கு இரும்பு ஈடாகாது. எல்லாம் செய்த அதே ஸ்பிங்க்ஸ் 1988இல் மைக் டைசனிடம் 91 விநாடிகளில் வீழ்ந்தார்.

போட்டிக்கு முந்தைய வாரம் எடைகளை ஓரமாக வைத்துவிடலாம். மாதக்கணக்கில் சேர்த்த பலம் ஏழு நாளில் கரைந்துவிடாது. கால்களில் தேங்கிய களைப்புதான் இறங்கும்.

(அடுத்த வாரம்: எடை குறைப்பும் அதன் ஆபத்தும்)