காற்றை அளக்கும் கைக்கருவி

போகியன்று விடியற்காலையில் பழம்பாயும் டயரும் எரியும்போது நம் கண் கரிக்கிறது, தொண்டை கமறுகிறது. காற்று கெட்டது என்பதை உடல் அறிகிறது; எவ்வளவு கெட்டது என்பதை அது சொல்லாது. அளவு சொல்லக் கருவி வேண்டும். மின்கலத்தால் இயங்கும் அத்தகைய கருவியை நீங்களே அமைப்பதாயின், உறுப்புகளை எவ்வாறு தேர்வது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

முதல் உறுப்பு நுண்துகள் உணரி. நுரையீரலின் ஆழம்வரை செல்பவை 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்தனவுமான துகள்கள். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. சிறு விசிறி காற்றை உள்ளிழுக்க, லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுகிறது. அச்சிதறலைக் கொண்டு உணரி அளவைக் கணிக்கிறது. பிளான்டவர் பி.எம்.எஸ். 5003 என்னும் உணரி இவ்வகையது. அதற்கு 5 வோல்ட் வேண்டும். ஓடும்போது 100 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அதாவது அரை வாட்.

இரண்டாவது மின்கலம். 3000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் லித்தியம் கலத்தில் சுமார் 11 வாட்-மணி ஆற்றல் உண்டு. அதன் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்துவதில் ஒரு பகுதி வீணாகும். மீதி 9 என்று கொள்வோம். அரை வாட் செலவுக்கு அது 18 மணி நேரமே தாங்கும். ஒரு நாளைக்கும் போதாது!

பரிகாரம் யாது? உணரியை உறங்க வைப்பதே. அரைமணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் மட்டும் விழிக்கச் செய்யுங்கள். விசிறி நிலைபெறும் முதல் 30 விநாடிகளின் அளவுகளைத் தள்ளிவிட்டு, எஞ்சியவற்றின் சராசரியைக் குறியுங்கள். இப்போது உணரியின் செலவு முப்பதில் ஒரு பங்காகிறது. அதே கலம் உணரிக்கு மட்டும் சுமார் 22 நாட்கள் வரும்.

மூன்றாவது, இவற்றை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இ.எஸ்.பி. 32 போன்ற சில்லு ஆழ்ந்து உறங்கும்போது மிக அற்பமான மின்னோட்டமே கொள்ளும். ஆனால் அது பொருத்தப்பட்ட பலகையிலுள்ள அடையாள விளக்கும் பிற துணை உறுப்புகளும் 10 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தால், அச்செலவு உணரியின் சராசரிச் செலவைவிட மிகுதியாகும். அடுப்பை அணைத்துவிட்டு, திண்ணை விளக்கை இரவு பகலாக எரியவிட்ட கதைதான். ஆகவே, பலகையின் உறக்கநிலைச் செலவைக் கேட்டறிந்து வாங்குங்கள்.

நான்காவது ஈரப்பத உணரி. காற்றில் ஈரம் மிகுந்தால் துகள்கள் நீரை ஏற்றுப் பருக்கின்றன. கருவி மிகுத்துக் காட்டும். கடற்கரை ஊர்களில் இதை மறக்கலாகாது.

கலத்தைப் பொறுத்தவரை, பாதுகாப்புச் சுற்று உடையதையே தேர்ந்தெடுங்கள். அதற்குரிய மின்னேற்றியையே பயன்படுத்துங்கள்.

24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய வரம்பு; 2009-இல் இந்திய அரசு வகுத்தது 60. உங்கள் கருவியை அரசின் கண்காணிப்பு நிலையத்துக்கு அருகில் சில நாட்கள் வைத்து ஒப்பிட்ட பின்னரே பிறருக்கு எண்ணைச் சொல்லுங்கள். அந்த எண்ணை நம்பி, அண்டை வீட்டு ஆஸ்துமாக் குழந்தையை அதன் தாய் வெளியே அனுப்பக்கூடும் அன்றோ?